டமாஸ்கஸ் கத்தியும் ஆவாரங்குச்சியும்

சமையலறைக் கத்தி விற்கும் கடைகளில் இப்போது தனியாக ஓர் அலமாரி இருக்கிறது. மற்றக் கத்திகள் அட்டையில் குத்தப்பட்டுத் தொங்கிக்கொண்டிருக்க, இந்த அலமாரியில் உள்ளவை மட்டும் கறுப்புப் பெட்டிக்குள் துணி விரித்த படுக்கையில் சாய்ந்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் அலகு முழுவதும் வரிகள். காற்று தொட்டுப்போன குளத்து நீரைப் போல, இழைத்த தேக்குப் பலகையின் ரேகையைப் போல. விலைச்சீட்டில் ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரும், அதையடுத்து 33 அல்லது 67 என்று ஓர் எண்ணும் இருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும்.

இந்த வரிகளின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மயக்கம் உண்டு. வேறு வேலையாகப் போன ஊர்களிலும் கத்திக்கடை வாசலில் நின்றுவிடுவது என் வழக்கம். உடன் வருபவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த மயக்கத்துக்கு நியாயம் உண்டா என்று பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன். அந்தப் பெயருக்கும் எண்ணுக்கும் நியாயம் சொல்ல என்னால் ஆகாது.

செய்முறையை முதலில் சொல்லிவிடலாம். கத்தியின் நடுவில் கடினமான எஃகுத் தகடு ஒன்று உண்டு. காயை வெட்டுவது அது மட்டுமே. ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் இந்த நடுத்தகடு விஜி-10 என்ற எஃகாக இருக்கும். தகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் என்ற நிறுவனம் உருவாக்கியது. சுமார் 1 விழுக்காடு கார்பன், 15 விழுக்காடு குரோமியம், ஒன்றரை விழுக்காடு கோபால்ட், இன்னும் சிறிது மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்த கலவை. முறையாகப் பதமேற்றினால் ராக்வெல் அளவில் 60 வரை கடினம் ஏறும். சாதாரண வீட்டுக் கத்திகள் 55ஐ ஒட்டி நின்றுவிடும். அளவில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். தக்காளியின் தோல்மேல் வைத்து இழுத்துப் பார்த்தால் தெரியும்.

இந்த நடுத்தகட்டின் இரு பக்கமும் மென்மையான எஃகு இரண்டு வகை மாற்றி மாற்றி அடுக்கப்பட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பாளமாகப் பற்றவைக்கப்படுகிறது. பக்கத்துக்கு 33 அடுக்கு, நடுவில் ஒன்று, ஆக 67. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே பாளத்தைச் சுத்தியலால் மேடும் பள்ளமுமாக அடித்து, பிறகு மேடுகளைச் சாணையில் தேய்த்துத் தள்ளுகிறார்கள். வெவ்வேறு ஆழத்தில் கிடந்த அடுக்குகள் அப்போது வெளியே தலைகாட்டும். வெங்காயத்தைச் சாய்வாக நறுக்கினால் வளையங்கள் தெரிவது போலத்தான். கடைசியில் ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் தோய்த்தால் ஒரு வகை எஃகு கறுக்கும்; நிக்கல் கூடிய மற்றொன்று கறுக்காமல் வெளிறி நிற்கும். அவ்வளவுதான் கோலம்.

இப்போது கத்தியின் கூர்விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு வரியே இல்லாத வெற்றுப் பட்டை ஒன்று ஓடும். அதுதான் நடுத்தகடு. வெட்டுகிற வேலையெல்லாம் அந்த வெறும் பட்டையினுடையது. வரிகள் கூர்விளிம்பின் அருகில்கூட வருவதில்லை. மென்மையான உறை ஒன்று இருப்பதால் கடினமான நடுத்தகடு எளிதில் ஒடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் காவலுக்குப் பக்கத்துக்கு ஒரே ஓர் அடுக்கு போதும். மூன்றடுக்குக் கத்திகள் நூற்றாண்டுகளாக அப்படித்தான் செய்யப்பட்டு வருகின்றன. 33ஐவிட 67 நன்றாக வெட்டும் என்று கடைக்காரர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்றும் உண்டு. ஒரே எஃகாலான மலிவுக் கத்தியின் மேல் லேசர் கொண்டு வரிகளைப் பொறித்து, அதையும் டமாஸ்கஸ் என்று விற்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கத்தியைத் திருப்பி, கூருக்கு எதிர்ப்புறமுள்ள முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கானால், சீட்டுக்கட்டின் ஓரம் போல மெல்லிய கோடுகள் முதுகின் நீளத்துக்கு ஓடும். பொறித்த வரியோ முகத்தோடு நின்றுபோயிருக்கும்.

2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒசாகாவில் எனக்குச் சில நாள் வேலை இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில்தான் அதிவேக ரயில்பாதை ஃபுகுய் மாவட்டம் வழியாகத் த்சுருகா வரை நீட்டப்பட்டு, எச்சிசென்-தகேஃபு என்ற புதிய நிலையமும் திறக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்த மறுநாள் காலை அங்கே போனேன். நிலையத்துக்கு வெளியே வயல்கள். கதிர் அறுத்த தாள்கள் வரிசையாக நின்றன. வாடகை வண்டி ஓட்டுநரிடம் ‘நைஃப் வில்லேஜ்’ என்று சொன்னதும் தலையசைத்தார்.

எச்சிசென் பகுதியின் கொல்லுத்தொழிலுக்கு 700 ஆண்டு வரலாறு சொல்கிறார்கள். 1337இல் கியோத்தோவைச் சேர்ந்த குனியாசு என்ற வாள்கொல்லர், பதமேற்றுவதற்கு ஏற்ற நீரைத் தேடி இங்கே வந்தார் என்பது ஊர் வழக்கு. வாளுக்காக வந்தவர் பக்கத்து உழவர்களுக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்தாராம். ஊர் வாழ்ந்தது அந்த அரிவாளால்தான். அரக்கு மரங்களில் பால் இறக்கும் தொழிலாளர்கள் நாடெங்கும் அலைந்தபோது இவ்வூர் அரிவாள்களையும் சுமந்துபோய் விற்றார்கள். அப்படிப் பெயர் பரவியது.

பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. தகட்டிலிருந்து அச்சில் வெட்டியெடுக்கும் மலிவான துருப்பிடிக்காத கத்திகளும் வந்தன. எங்கும் நடந்த கதைதான். இந்த ஊரார் செய்தது மட்டுமே சற்று வேறு. 1980களில் இளம் கொல்லர் சிலர், கசுவோ கவாசாகி என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து புதிய சமையற்கத்திகளைச் செய்து பார்த்தார்கள். 1993இல் தத்தம் பட்டறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து ஒரு பொதுப் பட்டறையைக் கட்டினார்கள். வருகிறவர்கள் மேல்தளத்து நடையில் நின்று பார்க்கலாம்.

நான் அந்த நடையில் இரண்டு மணி நேரம் நின்றிருப்பேன். கீழே ஐந்தாறு இடங்களில் உலை. விசைச்சுத்தியலின் ஓசை மார்பெலும்பில் விழுந்தது. இவ்வூருக்கே உரிய முறை ஒன்றை அங்கே கண்டேன். ஓரளவு நீட்டிய அலகுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, புரட்டிப் புரட்டிச் சுத்தியலுக்குக் கொடுக்கிறார்கள். மெல்லிய அலகு தனியாக அடிபட்டால் சூடு சட்டென்று ஆறிவிடும். இரண்டு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று வெம்மை காத்துக்கொள்ளும், சீராகவும் மெலியும். இரண்டு சப்பாத்திகளைச் சேர்த்துத் தேய்க்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்; உலோகத்தில் அந்த உபாயத்தைப் பார்த்தது அதுவே முதல்முறை. பிடித்திருந்தவர் இருபதுகளில் இருந்த இளைஞர். பின்னால் கைகட்டி நின்ற முதியவர் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. சுத்தியலின் ஓசை மாறிய ஒரே தடவை மட்டும் தாடையை இலேசாக அசைத்தார். இளைஞர் அலகை உலைக்குள் திருப்பி வைத்தார்.

கடைப்பகுதியில் என்னிடம் பேசியவர் நடுவயதுக் கொல்லர். கைப்பேசியின் மொழிபெயர்ப்பும் அவருடைய சிறிதளவு ஆங்கிலமும் கைகொடுத்தன. வரிக்கத்தியைக் காட்டி ‘டமாஸ்கஸ்’ என்றேன். ‘சுமிநாகாஷி’ என்று திருத்தினார். நீர்ப்பரப்பில் மைத்துளி விட்டு, அது விரியும் கோலத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் பழைய கலையின் பெயர் அது. பொருத்தமான பெயர், யாருடைய ஊரையும் கடன் வாங்காத பெயர்.

இந்த வரியால் கத்திக்கு என்ன பயன் என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், ஒன்றுமில்லை என்றார். அவருடைய தந்தை காலத்தில் கரி படிந்த கறுப்பு அலகுகளே விற்றன; ஆனால் அவற்றுக்குக் கிடைத்த விலையில் ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் தர முடியாது. வெளிநாட்டார் வரியைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். “அந்தக் கூடுதல் விலைதான் அவன்” என்று கீழே உலையருகில் நின்ற இளைஞனைக் காட்டினார். அடுக்கித் தயாரான பாளத்தை எஃகு ஆலையிலிருந்து வாங்கிவந்து அடிப்பதே இங்கு பலருடைய வழக்கம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ரசிகர்கள் சிலருக்கு இது ஏமாற்றம் தரும். எனக்குத் தரவில்லை. அலகை மெலிய அடிப்பதிலும் பதமேற்றுவதிலும் கூர் தீட்டுவதிலும்தான் கத்தி பிறக்கிறது. தச்சர் மரத்தை வளர்க்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மேசையிலிருந்துதான் நான் ஒரு நகிரி வாங்கினேன். காய்கறிக்கென்றே உள்ள, முனை இல்லாத, நேர்விளிம்புக் கத்தி. அலகின் நீளம் 165 மில்லிமீட்டர். அதைப் பற்றிப் பிறகு.

டமாஸ்கஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வெவ்வேறு இரும்புகளை அடுக்கிப் பற்றவைத்து வரி காணும் கலை ஐரோப்பாவில் பழையது. வைக்கிங் வாள்களிலேயே அது உண்டு. அதற்கும் டமாஸ்கஸுக்கும் சம்பந்தமில்லை. மேற்காசியப் போர்களில் ஐரோப்பியர் கண்டு வியந்த வாள்களின் வரியோடு இந்த வரிக்குத் தோற்றத்தில் ஓர் ஒற்றுமை இருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் குழல்களின் அடுக்குவரியையும் டமாஸ்கஸ் என்றார்கள். 1973இல் வில்லியம் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் கத்திக் கலைஞர்களின் கண்காட்சி ஒன்றில் அடுக்குவரிக் கத்திகளை வைத்தபோது அந்தப் பெயர் கத்திகளுக்கும் நிலைத்துவிட்டது.

உண்மையான டமாஸ்கஸ் வாளில் அடுக்கு என்பதே இல்லை. அது ஒரே கட்டி உருக்கிலிருந்து அடித்தது. வரி உள்ளிருந்தே எழும். அந்தக் கட்டி போனது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். ஆங்கிலேயர் அதை ‘வூட்ஸ்’ என்று எழுதினார்கள். கன்னட, தெலுங்கு ‘உக்கு’ என்ற சொல்லின் சிதைவு அது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். நம் ‘உருக்கு’ அதன் உறவு.

எங்கள் வீடு ஈரோட்டில். நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். 1985இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே கல்மணித் தொழிலோடு இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. மூசையில் உருக்கு செய்த தடயங்களையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். மூசை என்றால் உலையில் வைத்து உருக்கும் களிமண் கிண்ணம். தென்னார்க்காட்டுப் பகுதியில் மேல்சிறுவளூரிலும் உடைந்த மூசைகள் குவியலாகக் கிடந்ததை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதினார். கொடுமணலுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். பார்ப்பதற்கு வயலும் வேலியும்தான். ஆடு மேய்க்கும் ஒருவர் “தோண்டறவங்க போயிட்டாங்களே” என்றார், பேருந்தைத் தவறவிட்டவனுக்குச் சொல்வது போல.

உருக்கு செய்யும் முறையை நமக்கு விவரமாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியவர். 1830களின் இறுதியில் அவர் எழுதிய கட்டுரையில் செய்முறை அடுப்படிக் குறிப்பைப் போல இருக்கிறது. இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி மூசையில் இட வேண்டும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியைப் பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். மேலே ஓரிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் இறுக அடைத்து, காய்ந்ததும் இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தி கொண்டு இரண்டரை மணி நேரம் விடாமல் ஊத வேண்டும். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் கட்டி இருக்கும்.

ஆவாரை, எருக்கு. எங்கள் ஊரில் சாலையோரத்தில் யாரும் திரும்பிப் பாராமல் நிற்பவை. மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் புகுந்து, கார்பன் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை ஏறிய உருக்காகிறது. ஹீத்துக்கு இதன் இயக்கம் ஓரளவு புரிந்தது. பின்னாளில் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அதனால் செழித்தன. அவர் வழக்கு மன்றத்தில் காலம் கழித்தார். அது வேறொரு கட்டுரைக்கு உரிய துயரம்.

தெலங்கானத்தின் கோனசமுத்திரத்திலும் இதே தொழில் நடந்தது. 1820களில் அங்கே போன வாய்சி என்ற ஆங்கிலேயர், இஸ்பஹானிலிருந்து வந்து தங்கி உருக்கு வாங்கிக்கொண்டிருந்த பாரசீக வணிகர் ஒருவரைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். தங்கள் நாட்டில் இதைச் செய்துபார்த்துத் தோற்றோம் என்று அவ்வணிகர் சொன்னாராம். கட்டி இங்கே, வாள் அங்கே. இங்குள்ளவர் கட்டியை விற்றனர். அதில் உறங்கிய வரியை எழுப்பிப் புகழ் பெற்றோர் வேறு தேசத்துக் கொல்லர்கள். பெயர் மட்டும் டமாஸ்கஸுக்குப் போயிற்று.

ஐரோப்பிய அறிஞர்கள் இந்தக் கட்டிமேல் கொண்ட காதலைச் சொல்லி முடியாது. பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சங்கத்துக்கு மாதிரிகள் போயின; 1795இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றைப் பற்றிக் கட்டுரை படித்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, 1819இல் வூட்ஸைப் பகுத்தாராய்ந்தார். அலுமினாவும் சிலிக்காவுமே அதன் இரகசியம் என்று நினைத்தார். அது பிழை, ஆனால் அந்தப் பிழையைத் துரத்திக்கொண்டு அவரும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வணிகரும் செய்த சோதனைகளே கலப்பெஃகு ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயின. கத்திக்காரர் கடையில் தொடங்கிய அறிவியல் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இவ்வளவு பேர் தேடிக்கொண்டிருந்தபோதே அது மறைந்தது. சிறந்த வரிவாள்கள் 1750ஐ ஒட்டி நின்றுபோயின என்கிறார் ஜான் வெர்ஹோவன். அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தின் உலோகவியலாளர். அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஆல்ஃபிரட் பென்ட்ரே. ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் கட்டும் தொழிலும் கத்தி அடிக்கும் தொழிலும் செய்தவர். 1990களில் இந்த இருவரும் பழைய வாளுக்கு நிகரான வரியைத் தங்கள் உலையில் வரவழைத்தார்கள். அவர்கள் கண்டது இது: உருக்கில் வனேடியம் போன்ற தனிமம் மிகச் சிறிதளவு, பத்து லட்சத்தில் 40 பங்கு அளவுக்கு இருந்தாலே போதும். கொல்லர் திரும்பத் திரும்பச் சுடவைத்து அடித்து ஆற்றும்போது, அந்தத் தனிமம் இருக்குமிடத்தைப் பற்றிக்கொண்டு இரும்புக் கார்பைடுத் துகள்கள் வரிசை கட்டும். அந்த வரிசைதான் கண்ணுக்குத் தெரியும் வரி. தாது எடுத்த இடம் மாறி அந்தத் தனிமம் இல்லாது போனால் அதே கொல்லர் அதே முறையில் அடித்தாலும் வரி வராது. ஏன் வரவில்லை என்று அவருக்கும் தெரியாது. வரி வராத வாளை யார் வாங்குவார்? மகனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? தொழில் அறுந்ததற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் இது முதன்மையானது. மலிவாக வந்திறங்கிய சீமை எஃகையும் நான் கூடவே சேர்த்துக்கொள்வேன்.

2006இல் டிரெஸ்டன் ஆய்வுக்குழு ஒன்று, பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அதிலிருந்து நம்மவர்கள் சிலருக்குக் கால் தரையில் நிற்பதில்லை. நானோ தொழில்நுட்பத்தை நாமே கண்டுபிடித்தோம் என்று கைப்பேசிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொடுமணலின் கொல்லருக்கு நானோவும் தெரியாது, வனேடியமும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எந்த மண், எந்தக் குச்சி, எவ்வளவு நேரம், ஆறுவதற்கு எத்தனை பொழுது. அந்த அறிவைப் புகழாமல் அவருக்குத் தெரியாததை அவர் தலையில் கட்டிப் புகழ்வது என்ன மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை. பெருமையை அனுப்புகிறவர்களில் ஆவாரங்குச்சியைக் குறிப்பிட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இரண்டு வரிகளையும் அருகருகே வைத்து யோசிக்கும்போது ஒரு விஷயம் என்னை ஆட்கொள்கிறது. பழைய வாள்களில் ‘முகமதுவின் ஏணி’ என்றொரு கோலம் உண்டு. அலகின் குறுக்கே படிப்படியாகத் தெரியும். வெர்ஹோவனும் பென்ட்ரேயும் அதைச் செய்த விதம் எளிது: அலகின் மேல் குறுக்குக் காடிகள் வெட்டி, பிறகு அடித்துச் சமன் செய்தார்கள். ஆழத்தில் கிடந்த வரி மேலெழுந்து ஏணியாயிற்று. எச்சிசென் கொல்லர் மேடு பள்ளமாக அடித்துச் சாணையில் தேய்ப்பதும் அதே கணக்கு. பொருள் வேறு, காலம் வேறு, ஆழத்தை முகத்தில் காட்டும் உபாயம் ஒன்று. ஆனால் வாளின் வரி உருக்கின் குணத்துக்குச் சாட்சி சொன்னது; வாங்குகிறவன் அதைப் படித்தே விலை பேசினான். சமையற்கத்தியின் வரி எஃகைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது சொல்வது, உலையருகில் ஓர் இளைஞன் இன்னும் நிற்கிறான் என்பதை. காயை நறுக்க உதவாத கோலம் கொல்லனைப் பிழைக்க வைக்கிறது. நான் விலை கொடுத்தது அதற்கென்றால் எனக்குச் சம்மதமே. மன்னர் இடுப்பை நம்பியிருந்த உருக்கு மன்னரோடு போயிற்று; அரிவாளையும் அடுக்களையையும் நம்பிய ஊர் இருக்கிறது.

நகிரிக்கு வருகிறேன். அதை வாங்கியது அம்மாவுக்காக. எழுபத்தைந்து வயதுவரை அருவாமனையைத் தவிர வேறொன்றைத் தொடாதவர். பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, இரு கையாலும் காயைப் பிடித்து, நிற்கும் அலகின்மேல் தள்ளுவார். வாழைப்பூவின் மடல் மடலாகப் பேசிக்கொண்டே முடித்துவிடுவார். முழங்கால் தேய்ந்து தரையில் உட்காரக் கூடாது என்றானபின் அவருக்குக் காய் நறுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. மேசைமேல் வைத்த சாதாரணக் கத்தியை அவர் வெறுத்தார். அழுத்தினால்தான் வெட்டியது, அழுத்த விரல்களில் வலு இல்லை. வேறொருவர் நறுக்கிய பீன்ஸைத் தட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோவார். அந்த மௌனம் எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தது.

பெட்டியைத் திறந்தபோது, “ஏங்கண்ணு, கத்திக்கு எதுக்குக் கோலம்?” என்றார். பிறகு முதுகுப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். நேர்விளிம்புக் கத்தியை ஆட்ட வேண்டியதில்லை. தூக்கிக் கீழே வைத்தால் போதும், அதன் எடையே இறங்கிவிடும். முதல் நாள் வெண்டைக்காய். இரண்டாம் நாள் கேட்காமலே முட்டைக்கோசை எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில், பீன்ஸை நான் பத்து வருடமாகக் கனமாக நறுக்கிவருவதாகக் குறை சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கத்திக்குச் சில விலக்குகள் உண்டு. விளிம்பு பக்கத்துக்கு 15 பாகை அளவில் தீட்டியது, மெல்லியது. தேங்காய் ஓட்டிலோ, எலும்பிலோ, உறைந்த பொருளிலோ பட்டால் பல் விழும். முருங்கைக்காயை வெட்டலாம், வெட்டிய இடத்தில் திருகி நாரை இழுக்கக் கூடாது. கிரானைட் மேடையில் வைத்து நறுக்கலாகாது, மரப்பலகை வேண்டும். கழுவித் துடைத்துவைக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வரியும் மங்கும். மறுபடி கரைசலில் தோய்த்தால் திரும்ப வரும். எங்கள் கத்தியில் சற்று மங்கியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார், பாத்திரம் புதுசாகவே இருந்தால் அது யாருக்கும் உதவவில்லை என்று அர்த்தமாம்.

சென்ற மாதம் தெருவில் சாணை பிடிப்பவர் வந்தார். மிதிவண்டியின் பின்னால் சக்கரம் பொருத்தி, மிதித்துச் சுழற்றுகிறவர்; அவர் குரலைக் கேட்டே நாளாயிற்று. அம்மா கத்தியைக் கொடுத்தனுப்பினார். அவர் விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்தார். சக்கரத்தை மிதிக்கவில்லை.

“இது கல்லுல தண்ணி விட்டுத் தேய்க்கற சாமானுங்க. சக்கரத்துல வெச்சாச் சூடேறிப் பதம் போயிரும்” என்றார். வெயிலுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தார். “இந்த வரி உள்ளேயும் இருக்குதுங்களா, இல்லை மேலாக்கத்தானா?”

முதுகைத் திருப்பிக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய், நகநுனியால் கோடு கோடாக எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணிக்கை எங்கோ தவறிப்போக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிறகு துணியில் துடைத்து என்னிடமே நீட்டினார்.

“அருவாமனை ஏதாச்சும் இருந்தா எடுத்தாங்க.”

பரணில் இருந்ததை இறக்கிக் கொடுத்தேன். பொறி பறக்கத் தீட்டினார். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.